நியமனத்தில் வந்தவர்கள்

1920 முதல் 1937 வரையிலான சென்னைச் சட்டசபையைப் பற்றி இப்போது எழுதுபவர்களிடம் ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது: தேர்தலில் வென்றவர்கள் மக்கள் பிரதிநிதிகள், நியமிக்கப்பட்டவர்கள் கவர்னருக்குக் கைதூக்கியவர்கள். நியமனம் பெற்ற அதிகாரிகளுக்கு இது பொருந்தும். எல்லாரையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

முதல் சபையில் தேர்தலில் வந்தவர்கள் 98 பேர். அவர்களில் நீதிக்கட்சியினர் 63. சுப்பராயலு ரெட்டியார், பனகல் அரசர், 1921-இல் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமை, 1923-இல் உள்ளே நுழைந்த சுயராஜ்யக் கட்சி, சத்தியமூர்த்தியின் நாவன்மை, அறநிலையச் சட்டம் எல்லாம் வாசகர்கள் அறிந்தவை. ஆனால் அந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டு இருந்தது? நிலமும் வரியும் உள்ளவருக்கு. ஜமீன்தார், வக்கீல், மிராசுதார் என்று சபை நிரம்பியதில் வியப்பில்லை. சேரியில் இருந்தவருக்கு ஓட்டுப் பெட்டியின் வழியாக அங்கே போகப் பாதையே இல்லை. அவர்கள் நுழைய இருந்த ஒரே வாசல் நியமனம்.

அந்த வாசலில் வந்த எம்.சி. ராஜா 1922 ஜனவரியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை விட்டு ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என்றார். மார்ச்சில் அரசாணை வந்தது. ஒரு மக்கள் கூட்டம் தன் பெயரைத் தானே தீர்மானித்துச் சர்க்காரை ஏற்கச் செய்தது சிறிய காரியமா? கைதூக்கியவர் செய்கிற வேலையா அது? ஆலை வேலைநிறுத்தத்தின்போது சென்னையில் மூண்ட புளியந்தோப்புக் கலவரத்துக்குப் பிறகு அவர் ஆளும் நீதிக்கட்சியையே எதிர்த்து நின்று, கடைசியில் அதைவிட்டு விலகினார்.

1923-இல் நியமனம் பெற்ற இரட்டைமலை சீனிவாசன் மறு ஆண்டு ஆகஸ்டில் எழுந்தார். பொதுத்தெரு, சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரையும் தடுக்கக்கூடாது என்பது அவர் தீர்மானம். அது நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையாகவும் வந்தது. அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. வைக்கத்தைக் கொண்டாடும் நம் கட்டுரைகள் சென்னைத் தீர்மானத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. கோயம்புத்தூர் ஆர். வீரையன், அருந்ததியர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய எல்.சி. குருசாமி, சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் கண்ட சுவாமி சகஜானந்தர், என். சிவராஜ் ஆகியோரும் இந்த வரிசையில் வருகிறார்கள். மனைப்பட்டா, குடிநீர்க் கிணறு, பள்ளிச் சேர்க்கை, உதவித்தொகை என்று கேட்டது இவர்கள் குரல். பெருநிலக்கிழாரின் சொற்பொழிவைவிட இந்தக் கேள்விகளே எனக்குச் சட்டசபையாகத் தெரிகின்றன.

முத்துலட்சுமி ரெட்டியும் நியமன உறுப்பினர்தான். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அந்தச் சபையில் போராடியவர், 1930-இல் காந்தி கைதானபோது பதவியைத் துறந்தார். கவர்னர் கொடுத்த இடம் அவர் வாயைக் கட்டவில்லை.

1937-இல் கீழவையில் நியமனம் போய் முழுத் தேர்தல் வந்தது. பூனா ஒப்பந்தப்படி தாழ்த்தப்பட்டோருக்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இது முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் முதல்நிலைத் தேர்தலுக்குப் பின் நடந்த இறுதித் தேர்தலில் மற்றச் சாதியாரின் ஓட்டும் கட்சியின் கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தன. 1938-இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதா, ஆளுங்கட்சி ஆதரவு தராததால் தோற்றது. தனி ஆளாகக் கேட்ட காலத்தில் பெற முடிந்தது, 30 இடங்கள் இருந்தும் அன்று கிடைக்கவில்லை.

சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் தடித்த ஆங்கிலத் தொகுதிகளாக நூலகங்களில் கிடக்கின்றன. பதிப்பாளர்களே, இந்தச் சிலரின் கேள்விகளையும் உரைகளையும் மட்டுமாவது தமிழில் தொகுத்துத் தாருங்கள்.