அடித்தவரே நடுவர்

கிரிக்கெட்டில் பந்து மட்டையில் உரசியது தனக்கே தெரிந்தும், நடுவர் விரலைத் தூக்கும்வரை அசையாமல் நிற்பவரை யாரும் திருடன் என்பதில்லை. தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்பது அந்த ஆட்டத்தின் ஏற்பாடு. கோல்ஃபில் அந்த ஆள் கிடையாது. பெரிய போட்டிகளில் விதிமுறை அலுவலர்கள் வண்டியில் சுற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பில் ஆடும் நான்கு பேருக்கு அவர்களேதான் எல்லாம். பந்துகள் ஆளுக்கொரு திசையில் பறந்திருக்கும். ஒருவர் புதருக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது மற்ற மூவரும் நூறடி தள்ளி நிற்பார்கள். பந்து அசைந்துவிட்டால், அசைந்தது என்று சொல்லவேண்டியவர் அசைத்தவர்தான். தண்டனை அடியைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளவேண்டியவரும் அவர்தான். விதிப்புத்தகத்தின் முதல் விதியே இதை ஆட்டக்காரரின் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டைத் தன் தலையாய பெருமையாகக் கோல்ஃப் உலகம் சொல்லிக்கொள்கிறது. பெருமைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1925-இல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனில், பாபி ஜோன்ஸ் 11-ஆவது குழிக்கான ஆட்டத்தில் அடிக்கத் தயாராகும்போது உயரமான புல்லில் கிடந்த பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அலுவலர்கள் முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் ஓர் அடி தண்டனை எடுத்துக்கொண்டார். கடைசியில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை. முடிவு காண ஆடிய ஆட்டத்தில் தோற்றும் போனார். அந்த ஓர் அடி இல்லையென்றால் கோப்பை அவருடையது. பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் எரிச்சலோடு சொன்னதாகக் கூறுவார்கள். போட்டி ஆடிய காலம் முழுதும் அவர் பணத்துக்கு ஆடாத அமெச்சூர் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 2010-இல் ஹார்பர் டவுனில் ஜிம் ஃப்யூரிக்கோடு கூடுதல் குழி ஆடிய பிரையன் டேவிஸ், மட்டையைப் பின்னுக்கு இழுக்கும்போது ஓர் உதிர்ந்த நாணல்தண்டு அதில் பட்டதாகச் சந்தேகப்பட்டு, தானே அலுவலரைக் கூப்பிட்டார். வெற்றி ஃப்யூரிக்குக்குப் போனது.

இவை உண்மையான நிகழ்ச்சிகள், மதிக்கத்தக்கவை. ஆனால் சாதாரண கிளப் ஆட்டக்காரரின் நேர்மைக்கு இவற்றைச் சாட்சியாக இழுப்பது சரியில்லை. ஜோன்ஸும் டேவிஸும் ஆடியது ஆயிரம் கண்கள் முன்னால், பெயரே முதலாக இருக்கும் உலகத்தில். கிளப் ஆட்டக்காரர் ஆடுவது ஒரு மதியச் சாப்பாட்டுப் பந்தயத்துக்கு. அல்லது மாதாந்தரப் போட்டியில் கிடைக்கும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு. பரிசு சிறியது, பார்ப்பவர் இல்லை, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. அந்த இடத்தில் விதி எப்படி மீறப்படுகிறது என்று பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் தரம் தெரியும்.

அமெச்சூர்களின் விதிமீறலில் ஒரு பாதி வெளிப்படையானது. முதல் அடி தோட்டத்துக்குள் போய்விட்டால் கணக்கில் சேர்க்காமல் இன்னொன்று அடிப்பது ‘மல்லிகன்’. குழிக்கு ஒன்றரை அடியில் நிற்கும் பந்தைத் தட்டாமலேயே உள்ளே போனதாக எடுத்துக்கொள்வது ‘கிம்மி’. இவற்றை ஒளித்துச் செய்வதில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள். கிம்மிக்கு ஒரு சட்டபூர்வமான அண்ணனும் உண்டு. ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் மேட்ச் பிளேயில் எதிராளியின் அடியை விட்டுக்கொடுக்க விதியே அனுமதிக்கிறது. அணிகள் மோதும் ரைடர் கோப்பையில், 1969-இல், கடைசிக் குழியில் ஜாக் நிக்லாஸ், டோனி ஜாக்லினின் சின்ன புட்டை (குழியை நோக்கி உருட்டும் அடியை) அப்படி விட்டுக்கொடுத்துத்தான் போட்டி 16–16 என்று சமனில் முடிந்தது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் மட்டும் அது கூடாது. அங்கே பந்து குழிக்குள் விழுந்தே ஆகவேண்டும்.

இதில் விதிப்புத்தகத்துக்கும் கிளப் வழக்கத்துக்கும் இடையே ஒரு விசித்திரமான தலைகீழ் உறவு இருக்கிறது. ஆட்டக்காரர்கள் கூடிப் பேசி, தமக்குத் தெரிந்த ஒரு விதியை விட்டுவிடுவோம் என்று முடிவு செய்து ஆடத் தொடங்கினால், புத்தகப்படி அத்தனை பேரும் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார்கள். தனியாளாகப் பந்தை அசைத்தவருக்கோ, அவர் ஒப்புக்கொண்டால், ஓர் அடி தண்டனை. புத்தகம் கூட்டுச் சம்மதத்தைப் பெருங்குற்றமாகப் பார்க்கிறது. கிளப்பில் அதே சம்மதம் நட்பின் அடையாளம். போட்டிக்கு வெளியே நான் கிளப் பக்கம்தான். நால்வரும் அறிந்து செய்யும் மீறலில் ஏமாற்றப்பட்டவர் யாரும் இல்லை. அது வேறொரு ஆட்டம், அவ்வளவுதான். அந்த ஆட்டத்தின் எண்ணிக்கையை அசல் கோல்ஃபின் எண்ணிக்கையாக அட்டையில் எழுதிக் கொடுக்கும்போதுதான் பொய் தொடங்குகிறது.

மறுபாதி ஒளிவானது. காலால் பந்தை மெல்ல நகர்த்துவது, தொலைந்த பந்துக்குப் பதிலாகப் பையிலிருந்து இன்னொன்றை நழுவவிட்டு ‘கிடைத்துவிட்டது’ என்பது, ஏழு அடித்துவிட்டு ஆறு என்பது. நடத்தைப் பொருளியலாளர் டான் ஏரியலி 2012-இல் வெளியிட்ட நூலில் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுதினார். மட்டையால் பந்தை நகர்த்துவதில் கூச்சம் குறைவு. ஷூவால் தள்ளுவதில் கொஞ்சம் அதிகம். கையால் எடுத்து வைப்பதில் மிக அதிகம். பலன் மூன்றிலும் ஒன்றே. கைக்கும் காரியத்துக்கும் தூரம் கூடக்கூட மனசாட்சி இளகுகிறது என்பது அவர் வாதம். மைதானத்தில் ஆடிப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். (நேர்மை பற்றி அவரும் சேர்ந்து எழுதிய வேறொரு 2012 ஆய்வுக் கட்டுரை, அதிலிருந்த காப்பீட்டுத் தரவு புனைவு என்று தெரியவந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. தான் புனையவில்லை என்று அவர் மறுத்தார். ஆகவே அவருடைய எண்களை விட்டுவிட்டு வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

எந்த மனநிலையில் இந்தக் கால் நீள்கிறது என்று பார்த்தால், பாதிக் குற்றம் விதியுடையது. பந்து தொலைந்தால் பழைய இடத்துக்கே திரும்பிப் போய், ஓர் அடியும் சேர்த்துக்கொண்டு, மறுபடி அடிக்கவேண்டும். ஸ்காட்லாந்தின் லீத் நகரத்துக் கனவான்கள் 1744-இல் எழுதிய 13 விதிகளிலேயே இது இருக்கிறது. பின்னால் அடுத்த குழு காத்திருக்க, இருநூறு கஜம் திரும்பி நடக்கும் அவமானத்தைவிடப் பையில் இருக்கும் பந்து கவர்ச்சியானது. கோல்ஃபின் விதிகளுக்கு இரக்கம் எப்போதும் குறைவுதான். இரண்டாம் உலகப்போரில் 1940-இல் லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் கிளப் தற்காலிக விதிகளைப் போட்டபோது, அடிக்கும் நேரத்தில் குண்டு வெடித்துக் குறி தவறினால் இன்னொரு பந்து அடிக்கலாம் என்று சலுகை தந்தது. கூடவே ஓர் அடி தண்டனையும் வைத்தது.

2019-இல் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ.வும் 34 விதிகளை 24 ஆக்கியபோது இந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தின. தேடும்போது தவறிப் பந்தை மிதித்தால் தண்டனை இல்லை. குழியைச் சூழ்ந்த கிரீன் புல்தரையில் தெரியாமல் பந்து அசைந்தால் இல்லை. தொலைந்த பந்துக்கு, கிளப் விரும்பினால், திரும்பி நடக்காமல் இரண்டு அடி தண்டனையோடு ஃபேர்வே என்னும் வெட்டிய புல்வழியின் ஓரத்திலேயே புதிய பந்தைப் போட உள்ளூர் விதி ஒன்றையும் தந்தார்கள். நேர்மையைப் பற்றிய நூறு சொற்பொழிவைவிட இந்த மாற்றம் பயனுள்ளது. விதி நியாயமாக இருந்தால் அதைக் கடைப்பிடிக்கிறவர் எண்ணிக்கை கூடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சில்லறைத் திருட்டு. அமெச்சூர் கோல்ஃபின் பெரிய திருட்டு ஹேண்டிகேப்பில் நடக்கிறது. அங்கே எந்தப் பந்தையும் யாரும் நகர்த்தவேண்டியதில்லை.

ஹேண்டிகேப் என்பது வலியவரும் எளியவரும் சேர்ந்து ஆடுவதற்கான கழிவு. 92 அடித்தவருக்கு 18 கழிவு என்றால் நிகரம் 74. 78 அடித்தவருக்கு 5 என்றால் நிகரம் 73. இப்படி ஒரு புதியவரும் தேர்ந்தவரும் ஒரே கோப்பைக்கு ஆட முடிகிறது. 2020 முதல் உலகமெங்கும் ஒரே முறை: கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி காண்பது, உச்சவரம்பு 54. அழகான ஏற்பாடு. வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு நுட்பமான சமன்பாடு இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது முழுக்க ஆட்டக்காரர் தானே கொடுக்கும் எண்களின் மேல் நிற்கிறது.

மல்லிகனும் கிம்மியும் போட்டுக் குறைந்த எண்ணைக் கொடுப்பவருடைய கழிவு குறையும். கிளப்பில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். போட்டி நாளில் தோற்பார். அவருடைய பொய் அவரையே அடிக்கிறது. எதிர்த்திசையில் போகிறவர்தான் ஆபத்தானவர். சாதாரண நாட்களில் இரண்டடி புட்டை வேண்டுமென்றே தவறவிடுவார், நன்றாக ஆடிய நாளின் அட்டையைக் கொடுக்க மறந்துவிடுவார். ஒரு வருடம் இப்படிப் பொறுமையாகக் கழிவை ஏற்றிவிட்டு, பெரிய பரிசு உள்ள நாளில் தன் அசல் ஆட்டத்தை எடுப்பார். அன்று அவர் ஒவ்வொரு அடியையும் எண்ணுவார், பந்து அசைந்தால் தானே கையைத் தூக்குவார். எடை சரியாகத்தான் போடுகிறார், கல்தான் பொய். கோல்ஃபின் நேர்மைப் பண்பாடு முழுவதும் எடை போடும் கணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கல்லை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

நிர்வாக அமைப்புகளுக்கு இது தெரியும். கழிவு ஒரு வருடத்துக்குள் எகிறாமல் இருக்கக் கணக்கிலேயே தடுப்பு வைத்திருக்கிறார்கள்: மிகக் குறைந்த அளவிலிருந்து 3 கூடியதும் ஏற்றம் பாதியாகும், 5 கூடியதும் நின்றுவிடும். ஒருவர் தன் கழிவைவிட 7 அடி சிறப்பாக ஆடிவிட்டால் தானாகவே 1 குறையும், 10 என்றால் 2. அமெரிக்காவில் 2016 முதல் தனியாக ஆடிய ஆட்டத்தின் எண் ஹேண்டிகேப்புக்குச் செல்லாது. ஆட்டக்காரரை நம்புகிறோம் என்று முதல் விதியில் எழுதியவர்கள், ஆள் இல்லாத இடத்தில் அவரை நம்பவில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் செய்த காரியங்களில் புத்திசாலித்தனமானது இது.

அப்படியானால் வெளியிலிருந்து கண்காணிப்பைக் கூட்டினால் தீருமா? தொழில்முறை ஆட்டம் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டது. 2017-இல் வீராங்கனை லெக்ஸி தாம்சன் ஒரு பெரிய பட்டத்தை வெல்லும் நிலையில் இருந்தபோது, முந்தைய நாள் அவர் பந்தைச் சற்றே இடம் மாற்றி வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். பாதி ஆட்டத்தில் நான்கு அடி தண்டனை விழுந்தது. கூடுதல் குழியில் தோற்றார். எல்லோருக்கும் கசந்தது. 2018 முதல் பார்வையாளர் புகார்களை ஏற்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கிளப் ஆட்டத்துக்குக் கேமராவும் வேண்டாம், காவலரும் வேண்டாம்.

ஆனால் சாட்சி வேண்டும். இந்திய மைதானங்களில் சாட்சி ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். இங்கே பெரும்பாலானோர் பையைத் தானே சுமப்பதில்லை, கேடி சுமக்கிறார். பந்து எங்கே விழுந்தது, எத்தனை அடி ஆனது என்பது ஆடுபவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆட்டமும் பல நேரம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்: 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேரும், 2009-இல் வென்ற பெங்களூருவின் முனியப்பாவும் கேடிகளாகத் தொடங்கியவர்கள். ஆனால் அன்றைய கூலியும் இனாமும் யார் கையிலிருந்து வரவேண்டுமோ அவரிடம் ‘சார், ஏழு’ என்று சொல்ல முடியாது. சில சமயம் சாருக்காகப் புதருக்குள் நீளும் காலும் கேடியுடையதாகவே இருக்கும். 1964-இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் கேடியின் கால்சட்டைக்குள்ளிருந்து பந்து நழுவி விழும் காட்சியைப் பார்த்துச் சிரித்திருப்போம். விதிப்படி கேடி செய்த மீறலுக்குத் தண்டனை ஆடுபவருக்குத்தான். நடைமுறையில் அதைச் சொல்லும் வாய் இல்லை.

‘கனவான்களின் ஆட்டம்’ என்ற பெருமை இங்கேதான் தடையாகிறது. எல்லோரும் நேர்மையானவர்கள் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட இடத்தில், ‘உங்கள் கணக்கு தவறு’ என்பது ஒரு திருத்தமாகக் காதில் விழுவதில்லை, வசையாக விழுகிறது. அதனால் சக ஆட்டக்காரரும் வாயை மூடிக்கொள்கிறார். ஏமாற்றுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு இல்லை.

தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் இல்லை. வேறெந்த முறையும் அந்தப் பரப்பில் நடக்காது. மாற்றவேண்டியது அதைச் சுற்றியுள்ள மௌனத்தை. ஸ்ட்ரோக் பிளே போட்டியில் ஒருவருடைய எண்ணிக்கையை இன்னொருவர் எழுதவேண்டும் என்ற விதி பழையது. பல கிளப்புகளில் பதினெட்டுக் குழியும் முடிந்தபின் தேநீர் மேசையில் அட்டைகளை மாற்றிக்கொண்டு, அவரவர் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கிரீனை விட்டு இறங்கும்போதும் எண்ணிக்கையை உரக்கச் சொல்வதையும், சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்பதையும் போட்டி நிபந்தனையாக்குங்கள். கேடியிடமும் கேளுங்கள், அவருடைய கூலியைக் கிளப் அலுவலகம் வழியாகக் கொடுங்கள். உறுப்பினர்களின் ஹேண்டிகேப் பட்டியலை, அவர்கள் கடைசியாகக் கொடுத்த 20 எண்களோடு சேர்த்து, அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்டுங்கள்.