யாக்கோபின் பன்னிரு பிள்ளைகள்: யூதாவைப் பின்தொடர்ந்து வாசியுங்கள்

யோசேப்பின் கதை தெரியாத வீடு தென்காசிப் பக்கத்தில் குறைவு. சபைகளில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அதை ஒப்பிப்பார்கள். வடகரையிலும் கடையநல்லூரிலும் முஸ்லிம் பெரியவர்கள் யூசுப் நபியின் சரித்திரமாக அதைச் சொல்வார்கள். குர்ஆனின் 12-வது அத்தியாயத்தில் பெரும்பகுதி அந்தக் கதைதான். தெரிந்த கதை என்பதாலேயே நாம் அதை ஓடி ஓடி வாசித்துவிடுகிறோம். கிறிஸ்தவ வாசகர்களுக்கு என் யோசனை இது: அடுத்த முறை ஆதியாகமம் 37 முதல் 50 வரை வாசிக்கும்போது கண்ணை யூதாவின்மேல் வையுங்கள்.

தொடக்கத்தில் அவன் நல்லவனல்ல. தம்பியைக் கொல்வதால் என்ன லாபம், விற்றுவிடலாம் என்று சொன்னவன் அவன்தான். விலை 20 வெள்ளிக்காசு. பிறகு சகோதரர்கள் அங்கியை வெள்ளாட்டின் இரத்தத்தில் தோய்த்து, உம்முடைய குமாரனின் அங்கியா பாரும் என்று தகப்பனிடம் அனுப்புகிறார்கள். இங்கே சற்று நில்லுங்கள். கண் மங்கிய ஈசாக்கை ஏமாற்ற, கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு போனவர் இதே யாக்கோபு. வேதம் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

38-ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். யூதாவின் மருமகள் தாமாரின் கதை சங்கடம் தருகிறது என்று பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் யூதா மாறத் தொடங்கும் இடம் அதுதான். இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவன், மூன்றாமவனும் போய்விடுவானோ என்று அஞ்சி அவனைத் தாமாருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறான். பின்னால் பென்யமீனை அனுப்ப மறுக்கும் யாக்கோபின் பயமும் இதேதான். தாமார், அவன் தன்னிடம் அடகாக விட்டுப்போன முத்திரை மோதிரத்தையும் கோலையும் அனுப்பி, யாருடையவை பாரும் என்கிறாள். அவளே தன்னிலும் நீதியுள்ளவள் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். அங்கியைக் காட்டித் தகப்பனிடம் கேட்ட கேள்வி அவனிடமே திரும்பி வந்துவிட்டது.

பஞ்சத்தில் பென்யமீனை எகிப்துக்கு அனுப்பவேண்டி வருகிறது. அவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் தன் இரண்டு மகன்களைக் கொன்றுபோடலாம் என்கிறான் ரூபன். பேரப்பிள்ளைகளைக் கொன்று எந்தத் தாத்தா ஆறுதல் அடைவார்? யூதாவோ, தானே பிணை என்கிறான். யாக்கோபு இசைகிறார்.

44-ஆம் அதிகாரம் 18 முதல் 34 வரை யூதா பேசும் பேச்சை வாய்விட்டு வாசியுங்கள். ‘தகப்பன்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ராகேலின் பிள்ளைகளான யோசேப்பு, பென்யமீன்மேல் தகப்பனுக்கு இருந்த தனிப்பாசம்தான் ஒரு காலத்தில் அண்ணன்மாரைக் கொதிக்க வைத்தது. இப்போது யூதா அதே பாசத்தைக் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லி, அதற்காகவே தம்பிக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருப்பதாகக் கெஞ்சுகிறான். மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்துத் தன்னை மறைத்துக்கொண்டிருந்த யோசேப்பு உடைந்துபோவது இந்தப் பேச்சில்தான்.

யாக்கோபு சாகுமுன் தன் பிள்ளைகளைக் குறித்துப் பேசும் 49-ஆம் அதிகாரத்துக்கு வேறு காது வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் உரைநடைபோல அச்சாகியிருந்தாலும் அது கவிதை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி பிறந்த மண் இது. அந்த இலக்கிய வடிவத்திலேயே நெல்லையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். நமக்குக் கவிதை புதிதல்ல. யூதா சிங்கக்குட்டி, இசக்கார் சுமைகளுக்கு நடுவே படுத்த கழுதை, தாண் குதிரையின் குதிகாலைக் கடிக்கும் பாம்பு, நப்தலி விடுதலை பெற்ற பெண்மான், பென்யமீன் ஓநாய். ரூபன் தண்ணீர். சீசனில் காலையில் ஆர்ப்பரித்து மாலையில் மெலிந்துவிடும் குற்றால அருவியைப் பார்த்தவர்களுக்கு அவனை விளக்கவே வேண்டாம்: யோசேப்பைக் காப்பாற்ற நினைத்தான், விற்கும் நேரத்தில் அங்கே இல்லை.

லேவியையும் கவனியுங்கள். சிதறிப்போவான் என்பது அவன்மேல் விழுந்த கண்டனம். பிற்பாடு அவன் கோத்திரத்தாருக்குத் தனி நிலமில்லை. ஆனால் 48 பட்டணங்களில் பரவி ஆண்டவரின் ஊழியர்களானார்கள். தண்டனையே ஊழியமானது.

இவ்வளவும் வாசித்தபின் எபிரெயர் நிருபம் 7-ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். நம் ஆண்டவர் யூதா கோத்திரத்தில் தோன்றினார் என்று அங்கே இருக்கிறது. சில வசனங்கள் தள்ளி அவரே பிணையாளி என்றும் இருக்கிறது. கனவு கண்ட யோசேப்பின் வழியில் அல்ல, தம்பியை விற்றுப் பிறகு தம்பிக்காகத் தன்னையே கொடுக்க முன்வந்தவனின் வழியில் இயேசு வந்தார். பங்குத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், இந்த வாரக் குடும்ப ஜெபத்துக்கு அவர்களையும் அழைத்து 44-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள்.