ஒளியுருவும் எந்திர நாயும்: சுஜாதா நாவலில் ஓர் எதிர்நிலை இணை

மாறுபட்ட இரு கருத்துகளை இரு தெய்வங்களாக நிறுத்திக் காட்டுவது தமிழிலக்கியத்தின் பழைய மரபு. திருவள்ளுவர் அழுக்காறாமையுள் (167) செய்யவளையும் அவள் தவ்வையையும், ஆள்வினையுடைமையுள் (617) முகடியையும் தாமரையினாளையும் இணைத்துக் கூறினார். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முகடிக்கு இடம் சோம்பல். தாமரையினாளுக்கு இடம் முயற்சி. எத்தெய்வம் தன்பால் தங்கும் என்பதை மாந்தனின் ஒழுக்கமே முடிவு செய்கிறது.

பழைய வடிவிற் புதுப்பொருள் பெய்தல் தமிழுக்குப் புதிதன்று. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தநெறியில் நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடினார். அதுபோன்றே மேற்கூறிய இணைமரபின் வடிவும் அறிவியற் புனைகதையுள் புதுப்பொருள் பெற்றுள்ளது என்பது எம் கருத்து. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ அதற்குச் சான்றாகும்.

அந்நாவலில் இந்தியாவை ஆள்பவன் ஜீவா. குழந்தை பெறுதற்கும் அரசின் இசைவு வேண்டும். மக்கட்பெயர் ஈரெழுத்தினை மிஞ்சலாகாது. தெய்வமெனப் போற்றப்படும் அத்தலைவன் இறுதியில் ஹோலோகிராம் என்னும் வெறும் ஒளியுருவாகவே வெளிப்படுகிறான். அவனுக்கு எதிரே நிற்பது ஜீனோ என்னும் எந்திர நாய். விளையாட்டுப் பொருளாக வந்த அது நூல்களைப் பயின்று, தானே சிந்திக்கத் தொடங்குகிறது. பெயரொலியாலும் இவ்விரண்டும் இணையாதல் காண்க.

இந்நாவலைக் குறித்துக் காயல்பட்டினத்தில் மாணவியர் சிலரோடு உரையாடியபோது ஒருவர் வினவினார்: “ஐயா, ஜீவா பொய்யானது உருவத்தாலா, உயிரின்மையாலா?” இறைவனை உருவமின்றி வணங்குவோர் நிறைந்த ஊரில் இவ்வினா எழுதல் இயல்பே. ஆயின் ஜீனோவிற்கும் உருவம் உண்டு, உயிர் இல்லை. எனவே குறை அவ்விரண்டிலும் இல்லை. வினவாது பணியும் மக்களின் மனச்சோம்பலே ஜீவாவின் இருப்பிடம். அறிவின் இடையறா முயற்சியே ஜீனோவின் இருப்பிடம். வள்ளுவர் கண்ட இணை இங்கு உடைமாற்றி நிற்கிறது.

இதனை நன்மை தீமைப் போராட்டமெனக் கொள்வார் நாவலின் முடிவை விளக்க இயலாது. ஜீவாவின் பொய்ம்மை வெளிப்பட்ட பின்னரும் அவன் இருந்த பீடம் அகற்றப்படவில்லை. நிலா என்னும் தலைவி அதில் பெயரளவில் அமர்த்தப்படுகிறாள். தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’வில் சிந்திக்கும் நாய் மறுபடியும் தேவைப்படுகிறது. இம்முடிவைக் கதைப்பின்னலின் தளர்ச்சி என்பாரும் உளர். அஃது ஏற்புடைத்தன்று. மக்களின் மடி நீங்காதவரை பீடத்திலிருந்து உருவை நீக்கினும் பீடம் வெறுமையாய் இராது. பிறிதோர் உரு அதில் ஏறும். நாவலின் உண்மை இதுவே.

எந்திரங்கள் நம் வினாக்களுக்கு விடை கூறும் இந்நாளில், அவற்றிற்கு நம் உள்ளத்தே எவ்விடம் தருகிறோம் என்பதே ஆராயத்தக்கது. அதனை வரையறுப்பது எந்திரமன்று, நம் தாளாண்மையே.