அம்புக்குப் பிறகு

சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பரின் மகன் ஒரு விஷயம் சொன்னான். அவனுடன் வேலை பார்க்கும் ஒருவர் இருபது வருஷமாக ரைபிள் வைத்து மான் வேட்டை ஆடியவராம். அந்த நாட்டில் அரசாங்கத்துக்குச் சொந்தமான பொதுக் காடுகளில், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, பருவம் பார்த்து, யாரும் வேட்டையாடலாம். அந்த மனிதர் இப்போது ரைபிளை விற்றுவிட்டு வில்லும் அம்புமாகப் போகிறாராம். “இருநூறு கஜத்திலே சுடறதை விட்டுட்டு, இருபது கஜம் கிட்டே போகணும்னு மரத்து மேலே நாள் பூரா உட்கார்ந்திருக்கார் மாமா. பைத்தியக்காரத்தனமா இல்லையா?” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் அவன் போன பிறகு அந்தக் கேள்வி போகவில்லை. வேட்டை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வேட்டைக் கதைகள்தாம். அவற்றை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன்.

என் முதல் வேட்டைக் கதாசிரியர் என் பெரியப்பா. தொப்பம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் நீலமாகப் படுத்திருக்கும். அறுபதுகளில் அவரிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அடிவாரத்துக்குப் போய்வந்த கதைகளை ராத்திரியில் சொல்வார். காற்று, ஓடை, சருகுச் சத்தம், இரண்டு கண்கள், பிறகு ‘டமார்’. “அப்பறம் என்னாச்சுங்க பெரியப்பா?” என்றால், “அப்பறமென்ன கண்ணு, விழுந்துருச்சு” என்பார். அத்துடன் கதை முடிந்தது. துப்பாக்கிக் கதைக்கு ‘அப்பறம்’ கிடையாது. குதிரையை அழுத்தும் விரல்தான் அதன் கடைசி வாக்கியம்.

வில் அப்படியல்ல. நல்ல இடத்தில் தைத்த அம்பும் மானை நின்ற இடத்தில் வீழ்த்துவது அபூர்வம். அம்பின் முனை ரத்தக் குழாயை அறுக்கிறது. மான் ஓடுகிறது. வேடன் உடனே பின்னால் ஓடினால் அது இன்னும் தொலைவு ஓடிவிடும். ஆகையால் அவன் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு புல்லில் ஒரு துளி, ஒரு கல்லில் ஒரு துளி என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். விட்ட அம்புக்குப் பிறகுதான் அவன் வேலையில் பாதி தொடங்குகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நம் பழைய பாட்டுக்களில் ஒரு சங்கதி எனக்குப் புதிதாக விளங்கிற்று. குறிஞ்சிக் காதலன் தினைப்புனத்துக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி என்ன? ‘என் அம்பு பட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா?’ என்பதுதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அவன் வில்லோடும் நாய்களோடும் வந்து, தப்பிப்போன விலங்குகளைப் பற்றி விசாரிக்கிறான். திருக்கோவையாரில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ என்று துறைகளே இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஆசிரியர் இதைப் பெண்ணோடு பேச ஒரு சாக்கு என்று சொல்லிக்கொடுத்தார். சாக்குத்தான். ஆனால் நம்பக்கூடிய சாக்கு. அடிபட்ட மான் ஓடும், வேடன் தேடிக்கொண்டு எங்கெங்கோ வருவான், அவன் வந்து நிற்கும் இடம் அவன் நினைத்த இடமாக இராது. ஓர் ஆயுதத்தின் குணத்திலிருந்து ஒரு காதல் மரபு முளைத்திருக்கிறது. தலைவன் கையில் ரைபிள் இருந்திருந்தால் மான் அங்கேயே விழுந்திருக்கும். அவன் இறைச்சியோடு வீட்டுக்குப் போயிருப்பான். தினைப்புனத்தில் கிளிதான் மிச்சம்.

இதற்கு நேர்மாறாக ஓர் உதாரணத்தை வாசகர் எடுத்துக் காட்டலாம். புறநானூற்றின் 152-ஆம் பாட்டு. வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நிற்கிறது. எந்த ரைபிளும் செய்யாத காரியம்! வன்பரணர் இங்கே கொஞ்சம் என் பெரியப்பா மாதிரி பேசுகிறார் என்றே நான் சொல்வேன். ஆனால் அந்தப் பாட்டை நின்று படித்தால், அம்பு சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது. புலவர் தங்கிப் பேசுவது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். பாணர் கூட்டம் பாடுகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் அந்த வேடன் கூசிப்போகிறான். மான் இறைச்சியும் கள்ளும் தந்து, தன் மலையின் பொன்னையும் மணியையும் கொடுத்து அனுப்புகிறான்.

அதே வன்பரணரின் 150-ஆம் பாட்டு இன்னும் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். பலா மரத்தடியில் களைத்து உட்கார்ந்திருக்கும் புலவர் முன் மான் வேட்டையாடிவிட்டு ஒருவன் வருகிறான். காலில் ரத்தம் படிந்திருக்கிறது. தன் ஆட்கள் வந்து சேருவதற்குள் தானே தீ மூட்டி, இறைச்சி சுட்டு, முதலில் இவர்களுக்குக் கொடுக்கிறான். ஊரையும் பேரையும் கேட்டால் சொல்லவில்லை. அவன் நள்ளி என்பது வழியில் பிறர் சொல்லித்தான் தெரிகிறது. காலில் படிந்த அந்த ரத்தத்தைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து கொன்றவன் காலில் அது படியாது. பின்னாலேயே நடந்தவன் காலில்தான் படியும். பசித்தவன் முகம் அவனுக்குத் தெரிந்ததற்கும் அந்த நடைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

வெள்ளைக்காரர்களின் ஷிகார் புத்தகங்கள்? பெரும்பாலானவை பெரியப்பாவின் திண்ணைக் கதைகள்தாம். ஜிம் கார்பெட் விதிவிலக்கு. அவர் சிறுவனாகக் கவணும் வில்லும் கொண்டு தொடங்கிப் பிறகு துப்பாக்கிக்கு வந்தவர். ‘ஜங்கிள் லோர்’ (1953) அதைச் சொல்கிறது. 1944-இல் வெளிவந்த அவருடைய முதல் பிரபல நூலில் பவல்கர் புலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தோட்டா புலியைக் கொல்லவில்லை. காயம்பட்ட புலியைத் தேடி அவர் திரும்பத் திரும்பப் போகிறார். அந்தப் பக்கங்கள்தாம் உயிருள்ளவை. துப்பாக்கிக் கதை நல்ல கதையாகும் இடத்தில் அது வில்லின் கதையாகிவிடுகிறது.

அமெரிக்கர் வில்லுக்குத் திரும்பிய கதையும் இப்படி ஒரு சந்திப்பில் பிறந்தது. 1911-இல் கலிபோர்னியாவில் யாஹி குடியின் கடைசி மனிதனான இஷி காட்டிலிருந்து வெளியே வந்தான். அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவனிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916-இல் இஷி காசநோயால் இறந்தான். 1923-இல் போப் வில் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1934-இல் விஸ்கான்ஸின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் பருவம் வகுத்தது. காட்டை இழந்தவன் வித்தை, காட்டை எடுத்துக்கொண்டவர்களின் பொழுதுபோக்காயிற்று. இதில் உள்ள கசப்பை மறைத்துவிட்டு வில்லைப் புகழ்வது சரியல்ல. வில் கருணையான ஆயுதம் என்று சொல்வதும் சரியல்ல. குறி தவறிய அம்பு, தோட்டாவைவிட நெடுநேரம் வதைக்கும். இங்கே 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, ரைபிளா வில்லா என்ற கேள்வியே மானைப் பொறுத்தவரை இல்லை. நமக்கு அது படிக்கிறவனின், எழுதுகிறவனின் கேள்வி மட்டும்தான்.

எழுதுகிறவன் என்று சொல்லும்போது என்னை விட்டுவிட முடியாது. என் ஆரம்பக் கதைகளை இப்போது புரட்டிப் பார்க்கிறேன். ஒருத்தி கிணற்றில் விழுகிறாள், கதை முடிகிறது. ஒருவன் வீட்டைவிட்டுப் போகிறான், முடிகிறது. எல்லாம் ‘டமார்’. பிறகு அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பெரியப்பா சொல்லாத ஒரு கதை இருந்தது. அவர் இறந்த பிறகு பெரியம்மா சொன்னாள். ஒரு சாயங்காலம் சுட்ட மான் விழவில்லை. சினை மான். இருட்டும் வரை ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போனாராம். பிறகு தடம் தெரியவில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கிடைக்கவில்லை. “அன்னைக்கு எறவாணத்துல சொருகுனதுதான் கண்ணு, அப்பறம் அதத் தொடவே இல்ல” என்றாள்.

திண்ணையில் அவர் சொன்ன கதைகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. இந்த ஒன்றை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.