மன்னித்த வீரன்: முதியவர் மிலியாவின் பாடல் குறித்து

சேர்பிய இலக்கியம் பற்றிப் பேசுவோர் முதலிற் சொல்லும் பெயர் வூக் கராஜிச். 1787இல் திர்ஷிச் என்னும் சிற்றூரிற் குடியானவர் வீட்டிற் பிறந்த இவர், திருச்சபையார் போற்றிய கலப்பு ஏட்டுமொழியை ஒதுக்கி, மக்கள் பேசும் மொழியையே எழுத்துமொழியாக்க முனைந்தார். 1814இல் வியன்னாவில் வெளியான சிறு பாடற்றொகுதியும் 1818இல் வெளியான அகராதியும் அம்முயற்சியின் தொடக்கங்கள். கிரிமும் கேத்தேயும் அப்பாடல்களை வியந்தமை பலரறிந்த செய்தி. அவருக்குப் பாடிக்கொடுத்தோரை நினைவுகூர்வார் சிலரே.

அவர்களுள் ஒருவர் முதியவர் மிலியா. 1822இல் கிராகுயேவாட்ஸ் நகரில் வூக் இவரிடம் பாடல் கேட்டெழுதினார். வாள்வெட்டுத் தழும்புகள் நிறைந்த தலையினர், மதுவின்றிப் பாடார், பாடாது வாளா சொல்லவும் அறியார். எழுதுவோன் பட்ட பாட்டை வூக்கே பதிவுசெய்துள்ளார். கிடைத்தவை நான்கு பாடல்கள். அவற்றுள் ‘பானோவிச் ஸ்திராகின்யா’ ஒன்றே தொகுதிக்குப் பெருமை சேர்க்கப் போதுமானது.

ஸ்திராகின்யா மாமன் வீட்டில் விருந்துண்டிருக்கையில், சுல்தானுக்கும் அடங்காத விலாக் அலியா அவனது மாளிகையை அழித்து மனைவியைக் கவர்ந்து செல்கின்றான். மாமனும் ஒன்பது மைத்துனரும் துணைவர மறுக்கின்றனர். பகைவனோடு ஓரிரவு கழித்தவள் இனி அவனுக்கு இனியவளாக இருக்க இயலாது என்பது கிழவனின் வாதம். வேட்டைநாய் மட்டுமே துணையாகக் கொசோவோவிலுள்ள துருக்கியர் பாசறையுட் புகுந்தவனை, அவனால் முன்னர் விடுவிக்கப்பெற்ற துருக்கியத் தர்வேஷ் ஒருவர் அடையாளங்கண்டும் காட்டிக்கொடுக்கவில்லை. இறுதிப் போரில் மனைவி கணவனையே வெட்டுகின்றாள். வென்று மீண்டபின், அவளைக் கொல்ல வாளுருவிய மைத்துனரைத் தடுத்து ஸ்திராகின்யா அவளை மன்னிக்கின்றான்.

இம்மன்னிப்பு அன்பினாலா, உறவினர்மீது கொண்ட வெறுப்பினாலா என்பது திறனாய்வாளரிடையே நெடுநாள் விவாதம். இரண்டும் கலந்துள்ளன என்றே கொள்ளவேண்டும். துணைவர மறுத்தோர் வாளுருவும்போது அவர்களுடைய மானவுணர்ச்சி வெறும் பாசாங்கென்பது வெளியாகின்றது. வீரயுக அறம் வீரனொருவனாலேயே மறுக்கப்படுகின்றது.

தென் சிலாவியப் பாடகரிடையே 1930களில் பரியும் லோர்டும் நிகழ்த்திய ஆய்வின் துணைகொண்டே பேராசிரியர் கைலாசபதி, 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியான தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலிற் சங்கப்பாடல்களை வாய்மொழி மரபில் வைத்து விளக்கினார். பாடகன் எவ்வாறு பாடுகின்றான் என்பதற்கு அக்கோட்பாடு தக்க விடை தரும். வாய்பாட்டுத் தொடர்களையே கையாளும் ஒருவன் மரபு எதிர்பார்க்கும் முடிவை ஏன் மீறுகின்றான் என்பதற்கு அதில் விடையில்லை. தனியொரு பாடகனின் உள்ளம் அங்கே குறுக்கிடுகின்றது.

தொகுத்தவரிடத்திலும் குறையுண்டு. 1849இல் வெளியிட்ட கட்டுரையில் வூக், அம்மொழியின் ஒரு கிளையைப் பேசுவோர் யாவரையும், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் உட்பட, சேர்பியரென்றே கொண்டார். மொழியை மக்களிடம் மீட்டவர், மக்களை மொழிக்குள் அடைத்துவிட்டார். 1989 யூன் 28இல், கொசோவோப் போரின் அறுநூறாம் ஆண்டு நிறைவில், மிலோசெவிச் அக்களத்திற் பெருந்திரளான மக்கள்முன் உரையாற்றினார். 1992இல் வெளியான பவ்லிகோவ்ஸ்கியின் விவரணப்படத்தில், பொஸ்னிய சேர்பியத் தலைவரும் கவிஞருமான ராடோவான் கராஜிச் வூக்கின் பிறந்தகத்தில் அமர்ந்து குஸ்லே மீட்டுகின்றார். 2016இல் ஹேக் நீதிமன்றம் அவரை இனப்படுகொலைக் குற்றவாளியெனத் தீர்த்தது.

அவர் உரிமைகொண்டாடிய அதே மரபிலேதான், பகைவர் பாசறையில் நன்றி மறவாத துருக்கியர் ஒருவரை மிலியா பாடிவைத்தார்.