கணவாயும் மலைப்பறவைகளும்: ஓர் ஆய்வின் மதிப்பீடு

அரக்கோணம் சந்திப்பில் கேரளம் செல்லும் ரயிலில் ஏறும் பயணி, கோவையைத் தாண்டியதும் மலையேறாமலே மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துவிடுகிறார். மலைத்தொடர் அங்கே அறுபட்டு, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்நிலமாகக் கிடக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். நமக்கு வழியாக உதவும் இக்கணவாய் பறவைக்குத் தடையாகுமா? சிறகிருக்கத் தடை ஏது என்று தோன்றலாம்.

இக்கேள்வியை ஆராயும் கட்டுரை ஒன்று 2015-இல் லண்டன் ராயல் கழகத்தின் ஆய்வேட்டில் வெளியாயிற்று. எழுதியோர் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர். 9 இடங்களில் 23 இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் மரபுச் செய்திகளை இவர்கள் ஒப்பிட்டனர்.

இம்முறையின் அடிப்படை எளியது. இரு கூட்டங்கள் கலந்து இனம் பெருக்காவிடில், மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே சேரும். வேறுபாடு மிகுந்திருந்தால் பிரிவு பழமையானது.

10 இனங்களில் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயை ஒட்டியே காணப்பட்டது. அவற்றுள் சில, குறுகிய பள்ளத்தாக்குகளிலும் பிற்காலத்தில் பிரிந்துள்ளன. குளிர்ந்த சோலையில் பழகிய பறவை வெப்பமான தாழ்நிலத்தைக் கடக்கத் தயங்குகிறது. நீலகிரிச் சிரிப்பானும் பழனிமலைச் சிரிப்பானும் இன்று வெவ்வேறு இனங்களாகக் கருதப்படுவதை இங்கு நினைவுகூரலாம்.

ஒரே பறவையை ஆராயாமல் பல இனங்களை ஒருங்கே எடுத்துக்கொண்டதே இவ்வாய்வின் சிறப்பு. ஓர் இனத்தை மட்டும் பார்த்திருந்தால், கணவாயை எல்லாப் பறவைகளுக்கும் மதில் என்றோ, எதற்குமே தடையன்று என்றோ முடிவு கட்டியிருப்போம்.

எனினும், ஆழ்ந்தகன்ற பள்ளத்தாக்குகளே பிரிவுக்குக் காரணம் எனத் தலைப்பு அழுத்திச் சொல்கிறது. எஞ்சிய 13 இனங்களில் அத்தகைய பாதிப்பு இல்லையே! அவை கணவாயைக் கடந்து கலந்திருக்கலாம். அல்லது ஒரு மலையில் அழிந்து, பிறகு மறுமலையிலிருந்து வந்து குடியேறியிருக்கலாம் என்கின்றனர் ஆசிரியர்கள். இரண்டில் எது என்பது தீர்க்கப்படவில்லை. 356-ஐ 23-ஆல் வகுத்தால் இனத்துக்குச் சராசரியாக 15 பறவைகளே. இடத்துக்கு இரண்டு கூட இல்லை. பழைய பிரிவைக் காண இது போதலாம். அண்மைக்காலப் பிரிவு இதில் தப்பிவிடக்கூடும்.

இது வெறும் ஏட்டு வாதமன்று. தேயிலையும் யூகலிப்டஸும் சோலைகளின் இடத்தைப் பிடித்துவிட்டன. கலந்து வாழும் இனம் ஒரு மலையில் அழிந்தால் மறுமலையிலிருந்து திரும்ப வரலாம். பிரிந்துபோன கூட்டம் அழிந்தால் அழிந்ததுதான். ஆகவே மாணவர்கள் இக்கட்டுரையின் தலைப்போடு நின்றுவிடாமல், அந்த 13 இனங்களைப் பற்றிய பகுதியையும் ஊன்றிப் படிக்க வேண்டும். அடுத்த ஆய்வுக்கான கேள்வி அங்கேதான் இருக்கிறது.