றோபோ நாடகமும் உழைப்பின் பயனும்

இன்று உலகெங்கும் வழங்கும் 'றோபோ' என்னுஞ் சொல் விஞ்ஞானக் கூடத்திற் பிறந்ததன்று, நாடகத்திற் பிறந்தது. செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆர். யூ. ஆர்.' என்னும் நாடகமே அதன் பிறப்பிடம். செக் மொழியில் 'றொபோட்டா' என்பது நிலக்கிழார்க்குக் குடிகள் கட்டாயமாகச் செய்த ஊழியத்தைக் குறிக்கும். அச்சொல்லை எடுத்துக் கொடுத்தவர் ஆசிரியரின் தமையனாராகிய ஓவியர் யோசெப். 1921 இல் பிராக் நகரத் தேசிய அரங்கில் நாடகம் மேடையேறியது. செயற்கை நுண்ணறிவு பற்றிய அச்சமும் ஆரவாரமும் மிக்க இந்நாளில் இது மீண்டும் பயிலத்தக்கது. ஆயின், படைப்பு படைத்தவனை அழித்த கதையாக மட்டும் இதனைக் கொள்வோர் இதன் உட்பொருளைத் தவறவிடுவர்.

தீவொன்றில் அமைந்த தொழிற்சாலையில் றோபோக்கள் ஆக்கப்படுகின்றன. அவை இரும்புப் பொறிகளல்ல; தசைபோன்றதொரு செயற்கைப் பொருளால் ஆனவை. மகிழ்தலும் இசைத்தலும் உலாவுதலும் வேலைக்கு வேண்டாதவை எனக் கண்ட இளைய றொசும் என்னும் பொறியியலாளர், அவற்றையெல்லாம் நீக்கி, உழைக்கும் உருவமொன்றை மாத்திரம் எஞ்சவைத்தார். அதனை உலகெங்கும் விற்பவர் நிருவாகியாகிய டோமின். அவரைக் கொடியவராக ஆசிரியர் காட்டவில்லை என்பது அவதானிக்கத்தக்கது. வறுமையும் அடிமை வேலையும் ஒழிய வேண்டும், மனிதன் தன்னைச் செம்மைப்படுத்துதற்கே வாழ வேண்டும் என்பன அவருடைய கனவுகள். அக்கனவை நகைத்துத் தள்ள யாரால் இயலும்?

பத்தாண்டுகள் கழிகின்றன. உழைப்பு நீங்கிய மாந்தரிடையே குழந்தைப் பிறப்பே நின்றுவிடுகிறது. றோபோக்கள் கிளர்ந்தெழுதற்கு முன்னரே மனித இனம் தளர்ந்துவிட்டது என்பதுதான் நாடகத்தின் நடுக்கருத்து. இறுதியில் ஒருவரை மாத்திரம் அவை உயிரோடு விடுகின்றன. அவர் கட்டட வேலைத் தலைவரான அல்குயிஸ்ட். தம்மைப் போலவே அவரும் கைகளால் உழைப்பவர் என்பதே அவை கூறுங் காரணம். இந்த ஓரிடமே சாப்பெக்கின் ஆற்றலுக்குத் தக்க சான்று.

குறையும் உண்டு. நாடகத்தின் முடிவில் இரண்டு றோபோக்களிடையே காதல் அரும்ப, புதிய ஆதாமும் ஏவாளும் தோன்றுகின்றனர். உள்ளத்தைத் தொடும் காட்சியே எனினும், எழுப்பிய வினாவுக்கு அது விடையாகாது. கைவிட்ட உழைப்பை மனிதன் மீண்டும் எவ்வாறு பெறுவான் என்ற கேள்வியை ஆசிரியர் அற்புதமொன்றால் மறைத்துவிடுகிறார்.

அவ்விடையை இன்று நாமே தேடவேண்டியுள்ளது. டோமினின் றோபோக்கள் கையின் வேலையை ஏற்றன. 2022 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவை சொல்லின் வேலையை ஏற்கின்றன. இதனை முழுவதும் பழித்தல் நேர்மையன்று. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் 'அல்பாஃபோல்ட்' என்னுங் கருவி, ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் முயன்று கண்டவற்றை விரைவிற் காட்டியது. 2024 இல் அதனை ஆக்கிய இருவர் இரசாயனத்துக்கான நோபெல் பரிசிற் பங்குபெற்றனர். அங்கே வேண்டப்படுவது விடை. அதனை யார் கண்டாலும் மருத்துவத்துக்கு நன்மையே.

மாணவனின் கட்டுரையோ வேறு வகையினது. உலகிற் கட்டுரைகளுக்குப் பஞ்சம் என்று ஆசிரியர் அதனை எழுதச் சொல்வதில்லை. சொல்லைத் தேடித் தடுமாறி, எழுதியதை அடித்து, மீண்டும் எழுதுகையில் மாணவனிடத்தே விளையும் தெளிவே அதன் பயன். ஏட்டில் எஞ்சுவது அதன் சுவடு மாத்திரமே. பொறி எழுதித் தந்தாற் சுவடு கிடைக்கும், நடந்தவர் எவருமிலர்.

ஆகவே, ஒரு தொழிலைப் பொறியிடம் ஒப்படைக்குமுன் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: இதன் பயன் செய்பொருளில் உள்ளதா, செய்பவனிடத்தில் உள்ளதா? முன்னதாயின் மகிழ்ந்து கொடுக்கலாம். பின்னதாயின், எத்துணை இடர்ப்பட்டாயினும் நாமே செய்தல் வேண்டும். அல்குயிஸ்ட் செங்கல் அடுக்கியது வீடு வேண்டியன்று. தாம் மனிதராக எஞ்சுதற்பொருட்டே.